பெரிய டிரம் ஓடும்போது சொன்னது

ஜனவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன், நல்லபடியாகவே இருக்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது? இரும்புத்தூள் பட்ட இடம் இன்னும் சிவந்திருக்கிறதா? அம்மாவின் விரல் இடுக்கில் சலவைச் சோடா அரித்த புண் ஆறிவிட்டதா?

வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதத்துக்குத்தான். தேசியத் திரைப்பட விருது அலுவலகத்தில் தட்டச்சர். போட்டிக்கு வந்த படப்பெட்டிகள் மாடிப்படி வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன. ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும்.

காலையில் பட்டியல் அடிப்பேன். மதியம் சின்னத் திரையரங்கில் கடைசி வரிசையில் பேனா டார்ச்சோடு உட்கார வேண்டும். ஏழு நடுவர்கள் முன்னால் இருந்து படம் பார்ப்பார்கள். யாருக்காவது ஓர் இடம் பிடித்துவிட்டால் பென்சிலால் நாற்காலிக் கையைத் தட்டுவார். உடனே நான் ரீல் எண்ணையும் நிமிடத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். படத்துக்கு விருது கிடைத்தால் அந்தத் துண்டைத்தான் விழா மேடையில் போட்டுக் காட்டுவார்களாம்.

என் மேலதிகாரிக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. மனதுக்குள் கண்ணாடி சார் என்று பெயர் வைத்திருக்கிறேன். வாயைத் திறந்து நான் இன்னும் யாரிடமும் பேசவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்க மூன்று நாள் ஆயிற்று. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை மட்டும் விட்டுவிடு.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜனவரி 21

ஊமைக்கோட்டானுக்கு அண்ணன் எழுதுவது,

இங்கே எல்லோரும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம். என் கண் சரியாகிவிட்டது. அம்மாவின் கை அப்படியேதான் இருக்கிறது. கேட்டால், "ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் வெளுக்குதில்ல, கையும் வெளுக்கட்டும்" என்கிறாள்.

கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட விடாமல் படித்தேன். கழிப்பறை வந்த இடத்தில் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு இஸ்திரி அக்கா எட்டிப் பார்த்து, "என்னடா, மறுபடி படி" என்றாள். படித்தேன்.

அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைப் படம் எடுக்க வந்த பெண்ணிடம், நீ கிளம்புமுன் பூர்த்தி செய்து வைத்த படிவத்தை அப்போதே கொடுத்துவிட்டோம். இரண்டு வாரம் சலவைக்கூடத்திலேயே கிடந்து படம் எடுத்தாளே, எல்லாம் முடிந்து அனுப்பியும் விட்டாளாம். அம்மாவின் வேலைச் சட்டைக் காலரில் பொத்தான் மாதிரி ஏதோ குத்திவிட்டாளாம். அதற்குப் பிறகு அம்மா நடக்கும் நடையே வேறு. இஸ்திரி அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

"அந்தப் பொண்ணுகிட்ட மணிக்கணக்கா என்ன பேசின?" என்று கேட்டேன். "பெரிய டிரம் ஓடும்போது பேசினது, யாருக்குக் கேட்கப் போகுது" என்றாள். உனக்குத்தான் தெரியுமே, அவர்கள் கூட்டத்தில் மாமியார் கதை, புருஷன் கதை எல்லாம் துணி துவைக்கும் அந்த டிரம் இரைந்து சுற்றும்போதுதான். டிரம் நின்றால் எல்லோரும் நல்ல பிள்ளைகள்.

பட்டறைக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். அவர் வரைந்து கொடுத்த படத்தில் அளவு தப்பு. சொன்னேன். "நீங்க எங்க படிச்சீங்க?" என்றார். "சீட் கேட்டேன் சார், மார்க் பத்தல" என்றேன். மார்க் பத்தாத மாமேதைக்கு இன்று அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, உடம்பு தேவலை. நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று ஒரு படப்பெட்டியைப் பதிவு செய்யும்போது எனக்குக் கை ஓடவில்லை. சலவைக்கூடப் படம்! நம் அம்மாவின் படம்! ஆவணப்படப் பிரிவில் போட்டிக்கு வந்திருக்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை நடுவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கடைசி வரிசையில் நான் இருப்பேன்.

அது என் அம்மா என்று இங்கே யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டு மறைத்தேன் என்று நினைத்துவிடாதே. கண்ணாடி சாரிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் அவர் நிமிர்ந்து பார்த்தார், நான் உட்கார்ந்துவிட்டேன்.

பார்த்த உடனே எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்.

தங்கை


மார்ச் 1
(அனுப்பாதது)

அம்மா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போட முடியாது. உனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குப் படித்துக் காட்டுவது அண்ணன். அவனுக்குத் தெரியக் கூடாத விஷயம்தான் இது.

படம் பார்த்தேன். டிரம் சுற்றுகிறது. நீ அதன் முன்னால் நிற்கிறாய். உன் காலரில் இருந்தது பொத்தான் இல்லை அம்மா, மைக். டிரம் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கிறது. உன் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

"பெரியவனுக்குத் தொழில் படிப்புக்குச் சீட்டு வந்துச்சு. தபால்காரர்தான் படிச்சுச் சொன்னாரு. அவங்கப்பா அப்ப முதுகு ஒடிஞ்சு படுக்கையில. இவனும் படிக்கப் போயிட்டா அடுப்பு எரியாது. கடுதாசிய ஒளிச்சு வெச்சிட்டேன். மார்க் பத்தலன்னு நெனச்சுக்கிட்டு அவன் பட்டறைக்குப் போயிட்டான். பதினாலு வருஷம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பானா?"

ஏழு பென்சிலும் தட்டின. அதுவரை எந்தப் படத்துக்கும் ஏழு பென்சில் தட்டியதில்லை. நான்தான் எழுத வேண்டும். ரீல் இரண்டு, பதினோராவது நிமிடம் என்று எழுதினேன்.

அந்தச் சீட்டில் அவன் படித்திருந்தால் நான் படித்திருக்க மாட்டேன். பட்டறையில் அவன் நின்ற நிற்பில் வந்த பட்டம் இது. இதைத்தான் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தோம்.

படம் முடிந்ததும் அதனோடு வந்த படிவங்களை எடுத்துப் பார்த்தேன். 'என் உருவத்தையும் குரலையும் எங்கும் காட்டச் சம்மதம்' என்ற வரிக்கு நேரே 'ஆம்'. கீழே உன் கைரேகை. 'ஆம்' என் கையெழுத்து. தெருவில் எல்லோருக்கும் படிவம் பூர்த்தி செய்கிறவள் நான். ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு. பெயர், முகவரி, ஆம், ஆம், ஆம். படித்துப் பார்க்கவில்லை அம்மா. நான் படித்துப் பார்க்கவில்லை.


மார்ச் 9

ஊமைக்கோட்டானுக்கு,

இந்தப் பக்கம் அனைவரும் சுகம். உனக்குத்தான் என்ன ஆயிற்று? வியாழக்கிழமை போய் இன்னொரு வியாழக்கிழமையும் போய்விட்டது. அம்மா தினமும் கேட்கிறாள். இஸ்திரி அக்கா, தன் முகம் எத்தனை முறை வந்தது என்று எண்ணிச் சொல்லச் சொல்கிறாள். உடம்பு சரியில்லையா? ஒரு வரி எழுது. அம்மா என்னதான் பேசினாள் அதில்?

அண்ணன்


மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை அதிகம். உன் கண்ணுக்கு மருந்து விடுகிறாயா? நேரம் தவறாமல் விடு.

படம் நன்றாக இருந்தது. அம்மாவின் கைகள் மிக அழகாக வந்திருக்கின்றன. இஸ்திரி அக்கா ஒன்பது முறை வருகிறாள். பேச்சு சரியாகக் கேட்கவில்லை. அந்தத் திரையரங்கில் ஒலிபெருக்கி பழையது.

அண்ணா, உன் பள்ளி மார்க் ஷீட் எங்கே இருக்கிறது? சும்மாதான் கேட்டேன்.

பட்டறையில் காலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய். அம்மாவை அதிகம் குனிய விடாதே.

தங்கை


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. நானும் நலமே.

பேப்பரில் பார்த்திருப்பாய். சலவைக்கூடப் படத்துக்குச் சிறந்த ஆவணப்பட விருது. சிறந்த நடிகராக வந்தவர் நேற்று அளவு கொடுக்க அலுவலகத்துக்கு வந்தார். மேடையில் பதக்கம் சட்டையில் எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்று அரை மணி நேரம் சந்தேகம் கேட்டார். சிறந்த நடிகை தொலைபேசியில் அழுதுகொண்டே, "நெஜமாத்தான் சொல்றீங்களா, வேற யாராவது இருக்கப் போகுது" என்றார். எழுபது வயது ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு இதுதான் முதல் விருது. படிக்கட்டில் கைப்பிடி உண்டா என்பது ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

விழா மே ஐந்தாம் தேதி சாயங்காலம். டி.வி.யில் நேரடியாகக் காட்டுவார்கள். பதக்கத் தட்டை ஏந்தி நிற்க ஆள் போதாமல் என்னையும் போட்டிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால்தான், பயப்படாதே.

மேடையில் போடும் காட்சிகளின் பட்டியலை நான்தான் அடித்தேன். நம் படத்துக்கு நடுவர்கள் வேறோர் இடத்தைக் குறித்திருந்தார்கள். நான் மாற்றிவிட்டேன். அம்மாவும் இஸ்திரி அக்காவும் ஒரு வெள்ளை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடிக்கிறார்கள். வெயில் அதில் விழுகிறது. பேச்சே இல்லை. ரீல் ஒன்று, நாலாவது நிமிடம். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. ஊமைக்கோட்டான் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல் இதுதான்.

கட்டாயம் பாருங்கள், இருவருமே. அம்மாவை முன்னால் உட்கார வை.

தங்கை


ஏப்ரல் 22

விருதுக்கார ஆபீசருக்கு,

இங்கே சௌக்கியத்துக்குக் குறைவில்லை, சத்தத்துக்கும் குறைவில்லை. முதலாளி பட்டறை வாசலில் டி.வி.யைத் தூக்கி வைக்கப்போகிறார். பெஞ்சு இரவல் வாங்கியாயிற்று. சலவைக்கூடப் பெண்கள் மொத்தமும் வருகிறார்கள். புது இன்ஜினியரையும் கூப்பிட்டிருக்கிறேன். "எங்கம்மா நடிச்ச படம் சார்" என்றேன். அவர் நம்பவில்லை.

ஒரு வேடிக்கை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அம்மா, "டி.வி.ல பேச்சும் கேட்குமா?" என்றாள். "பின்ன, ஊமைப்படமா?" என்றேன். "டிரம் ஓடுற எடத்துல எடுத்ததும் கேட்குமா?" என்றாள். "அந்தப் பொத்தான் எதுக்குக் குத்தினாங்கன்னு நெனச்ச? அழகுக்கா?" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கூச்சம் போலிருக்கிறது. நீ யாரைக் கொண்டு பிறந்தாய் என்று இப்போது தெரிகிறது.

மார்க் ஷீட் எங்கே என்று எனக்குத் தெரியாது. அதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய், விருது கொடுக்கவா?

தட்டைக் கீழே போட்டுவிடாதே.

அண்ணன்


மே 6

அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய்? சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

நான் மேடையின் இடது ஓரத்தில் திரைக்குப் பின்னால் நின்றேன். தட்டில் வெல்வெட் துணி, அதன்மேல் ஆறு பதக்கங்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். முதலில் காட்சி, பிறகு பெயர், பிறகு கைதட்டல். ஒளிப்பதிவாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார், அவருக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். நடிகர் என் தட்டிலிருந்த பதக்கத்தைப் பார்த்து, "ரொம்ப கனமா இருக்குமா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது அண்ணா. அடுத்தது நம் வெள்ளை விரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விரிப்பு வரவில்லை. அம்மாவின் முகம் வந்தது, வீட்டுக் கூரை உயரத்துக்கு. பின்னால் டிரம். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினேன். கண்ணாடி சார் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: "உன் லிஸ்ட்ல ஒரு எடத்துல ரீல் நம்பரைத் தப்பா அடிச்சிருந்தியேம்மா. குறிப்பேட்டை வெச்சு ஒத்துப் பார்த்துத் திருத்திட்டேன். நல்ல வேளை." என்னைக் காப்பாற்றிய சந்தோஷம் அவர் முகத்தில்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'சார், இது என் அம்மா. இதைப் போடாதீங்க.' அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வராமல்தான் தட்டச்சு இயந்திரத்தை வைத்து வேலையை முடிக்கப் பார்த்தேன்.

தட்டில் பதக்கங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அம்மா பேசி முடித்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நம் வீட்டைப் பார்த்து, அண்ணா.

அந்த நேரம் நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன்னை உட்கார வைத்தது நான்தான். பிப்ரவரி கடைசியிலேயே எனக்குத் தெரியும். ஒலிபெருக்கி பழையது என்று எழுதியது பொய். படிவத்தில் 'ஆம்' போட்டதும் நான்.

திட்டியாவது எழுது.

தங்கை


மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் இருவரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. போன வாரம் போட்ட கடிதமும் கிடைத்ததா என்று தெரியவில்லை. இது மூன்றாவது. என் வேலை ஜூன் இருபதோடு முடிகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை வண்டியில் வருகிறேன். வர வேண்டாம் என்றால் அதையாவது எழுது.

தங்கை


ஜூன் 12

கண்ணு,

அம்மா சொல்ல, இஸ்திரி அக்கா எழுதுறேன். நான் ஒம்பதே தடவைதான் வந்தேனாக்கும்? இனி அம்மா சொல்றது.

உடம்பு நல்லா இருக்கு. கைதான் எரியுது, அது எப்பவும் உள்ளதுதான். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா?

அன்னைக்கு டி.வி.ல என் மூஞ்சி வந்ததும் எல்லாரும் ஓன்னு கத்தினாங்க. அப்புறம் என் பேச்சு வந்துச்சு. உங்கண்ணன் எழுந்து போய் டி.வி.க்குப் பின்னால ஏரியலைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். படம் தெளிவாத்தான் இருந்துச்சு. விழா முடியற வரைக்கும் அந்தக் கம்பிய விடல. யாரும் அவனை உட்காருன்னு சொல்லல. அந்த இன்ஜினியர் தலையக் குனிஞ்சுக்கிட்டு எழுந்து போயிட்டாரு.

அப்புறம் என்கிட்ட ஒரு மாசம் பேசல. சம்பளத்தை அலமாரியில வெப்பான், சாப்பிடுவான், போயிடுவான். நானும் கேட்கல. என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேட்க?

உன் கடுதாசி மூணு வந்துச்சு. மூணையும் பிரிக்காம தகரப் பெட்டிக்குள்ள போட்டான். முந்தாநாள் என்னால தாங்க முடியல. "டேய், அந்தப் பெட்டியில ஏற்கெனவே ஒரு கடுதாசி கெடக்கு. அடியில, துணிக்குக் கீழ. அது நான் ஒளிச்சது. ஒளிச்சு வெச்ச கடுதாசி என்ன பண்ணும்னு பார்த்துட்டல்ல? இன்னும் மூணு சேர்க்காத" அப்படின்னேன்.

அதைக் கிழிச்சுப் போடலையான்னு இஸ்திரி அக்கா இப்பக் கேட்குறா. படிக்கத் தெரியாதவளுக்குக் காகிதத்தைக் கிழிக்கப் பயம் கண்ணு. அதுல என்ன இருக்குமோ, யாருக்கு என்ன ஆகுமோன்னு.

எடுத்தான். நாலையும் பிரிச்சு ஒண்ணு விடாமச் சத்தமாப் படிச்சான். அம்மாவுக்குப் படிக்காதன்னு நீ எழுதியிருந்ததையும் சேர்த்துப் படிச்சான். பழைய கடுதாசியக் கடைசியாப் படிச்சான். ரெண்டு போட்டோ கொண்டுவரணுமாம். காலையில பத்து மணிக்கு வரணுமாம். படிச்சுட்டு, "என்கிட்ட அப்ப போட்டோவே இல்லம்மா" அப்படின்னான். ஒரு மாசத்துக்கப்புறம் என்கிட்ட பேசின மொதப் பேச்சு அதுதான். நான் அழுதேன். அவன் அழல.

நீ வா.

இஸ்திரி அக்காவுக்குக் கை வலிக்கிறதாம். அவள் எழுதியதில் பதினேழு எழுத்துப்பிழை திருத்தினேன். மீதியை நான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பயந்துபோய் ஒரு கடிதத்தை ஒளித்தாள். உனக்குப் படிக்கத் தெரியும். மார்ச்சிலிருந்து மே வரைக்கும் என் கண்ணை விசாரித்தாய், செருப்பை விசாரித்தாய். அம்மா செய்ததை ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். நீ செய்தது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

இருபத்தொன்றாம் தேதி ஸ்டேஷனுக்கு வருவேன். உன்னோடு பேசுவேனா என்று தெரியாது. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பேன். நீ பின்னாலேயே வா.

அண்ணன்